ஆய்வும் அறமும்: புக்காரெஸ்ற் குழந்தைகள் எழுப்பும் வினா

அறிவைத் தேடுதல் நற்செயல் என்பதில் கருத்து வேறுபாடு கொள்வோர் அரியர். கல்லையும் கனிமத்தையும் ஆராய்வோன் அவற்றின் சம்மதத்தைக் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவனுக்கில்லை. மனிதனை ஆராயப் புகுந்தவுடன் நிலைமை மாறிவிடுகின்றது. ஆராயப்படுவோன் தானும் நோக்கங்கள் உடையவன். மறுக்கும் உரிமை உடையவன். அவ்வுரிமையைப் பயன்படுத்த இயலாத ஒருவனே ஆய்வுக்கு உரியவனாக அமையுமிடத்துச் சிக்கல் மேலும் கடுமையாகின்றது. பேசத் தொடங்காத குழந்தை ஆய்வாளனுக்கு உடன்பாடும் தெரிவிப்பதில்லை, மறுப்பும் தெரிவிப்பதில்லை. அதன் சார்பில் வேறு யாரோ கையொப்பம் இடுகின்றனர்.

குழந்தைப் பருவ இன்னல்கள், பெற்றோர் பிள்ளை உறவு, உளநலம் ஆகியன பற்றிய ஆய்வு இச்சிக்கலிலிருந்து ஒருபோதும் விடுபட்டதில்லை. குழந்தையைத் துன்புறுத்திப் பார்த்து அறிவைப் பெருக்க முயல்வோரை நாகரிக உலகம் மன்னிப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே துன்புற்றிருக்கும் குழந்தையை ஆராய்வது பற்றி என்ன கூறலாம்? நீக்கக்கூடிய ஒரு துன்பத்தின் விளைவை அறிவதற்காக அத்துன்பத்திலே சிலரை விட்டுவைத்தல் தகுமா? றுமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்ற்றில் 2000 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ஓர் ஆய்வு இவ்வினாவை உலகின்முன் வைத்தது. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவ்வாய்வுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தவற்றை நோக்குதல் வேண்டும். 1945 ஆம் ஆண்டில் றெனே ஸ்பிற்ஸ் என்னும் உளமருத்துவர் இருவகை நிலையங்களில் வளர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று சுகாதார வசதிகளிற் குறைவில்லாத அநாதைக் குழந்தைகள் இல்லம்; மற்றையது தண்டனை பெற்ற பெண்கள் தம் குழந்தைகளைத் தாமே பராமரித்த சிறைச்சாலைக் குழந்தைகள் பகுதி. சிறையில் வளர்ந்தவை செழித்தன. தூய்மையான இல்லத்தில் வளர்ந்தவை நலிந்தன. அவற்றுட் பல இறந்தும் போயின. உணவும் மருந்தும் குறையாதிருந்தும், தூக்கி அணைத்துப் பேசுவதற்கு நிலையான ஓர் ஆள் இல்லாமையே அக்குழந்தைகளுக்கு நேர்ந்த குறை என ஸ்பிற்ஸ் கருதினார். 1951 இல் ஜோன் போல்பி உலக சுகாதார தாபனத்துக்காக எழுதிய அறிக்கை, தாய்மைப் பராமரிப்புக்கும் உளநலத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக எடுத்துரைத்தது. 1958 இல் ஹரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைக்கொண்டு நடத்திய சோதனைகள், பால் தரும் கம்பித் தாயைவிட மென்துணி போர்த்த தாயுருவையே குட்டிகள் பற்றிக்கொண்டமையைக் காட்டின. போல்பியின் முடிவுகள் சிலவற்றை மைக்கல் றற்றர் 1972 இல் மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். எனினும், நிலையான பராமரிப்பு உறவு குழந்தைக்கு இன்றியமையாதது என்னும் அடிப்படை உண்மை ஆட்டங்காணவில்லை.

இவ்வுண்மை நூல்களிலே நிலைபெற்றுக்கொண்டிருந்த காலத்திலேதான் றுமேனியாவில் அதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு வளர்ந்தது. 1966 ஆம் ஆண்டில் நிக்கொலாய் சௌசெஸ்குவின் அரசாங்கம் 770 ஆம் இலக்க ஆணையைப் பிறப்பித்தது. சனத்தொகையைப் பெருக்கும் நோக்குடன், மிகச் சில விலக்குகள் நீங்கலாகக் கருச்சிதைவு தடைசெய்யப்பட்டது. பிள்ளையற்றோர்மீது வரி விதிக்கப்பட்டது. வறுமையிலே பிள்ளைகளைப் பெற்று வளர்க்க வழியற்றோர் அவர்களை அரச நிலையங்களில் ஒப்படைத்தனர். அரசும் அதனை ஊக்குவித்தது. 1989 டிசெம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இத்தகைய நிலையங்களிலே காணப்பட்டனர். ஒரு பராமரிப்பாளர் ஒரே வேளையில் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகளைக் கவனித்தார். குறித்த நேரத்தில் உணவு, குறித்த நேரத்தில் குளிப்பு, எஞ்சிய நேரமெல்லாம் தொட்டிற் கம்பிகளுக்கு இடையே விட்டத்தைப் பார்த்திருத்தல் என்பதே அக்குழந்தைகளின் நாளாக இருந்தது. அழுதாலும் வருவார் இல்லை என்பதை அறிந்தமையால் அழுகையை மறந்த குழந்தைகளையும் அங்கு சென்றோர் கண்டனர்.

ஆட்சி மாறிப் பத்தாண்டு கடந்த பின்னரும் இந்நிலையங்கள் மூடப்படவில்லை. வளர்ப்புக் குடும்பங்களிடம் குழந்தைகளை ஒப்படைக்கும் முறை புக்காரெஸ்ற்றில் மிக அருகியே காணப்பட்டது. நிலையமா குடும்பமா சிறந்தது என்னும் விவாதம் அரச அதிகாரிகளிடையே நடைபெற்றுக்கொண்டிருந்தது. இச்சூழலில் றுமேனிய அரசின் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளரின் அழைப்பின் பேரில் அமெரிக்க அறிஞர்களான சாள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சாள்ஸ் சீனா ஆகியோர் தமது ஆய்வைத் தொடங்கினர். நகரின் ஆறு நிலையங்களிலிருந்து ஆறு மாதத்துக்கும் முப்பத்தொரு மாதத்துக்கும் இடைப்பட்ட வயதுடைய 136 குழந்தைகள் தெரிவுசெய்யப்பட்டனர். முதற் பரிசோதனைகள் முடிந்தபின், சீட்டுக் குலுக்குவதை ஒத்த எழுமாற்று முறையில் அவர்கள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஆய்வாளரே தேடிப் பயிற்றி ஊதியம் வழங்கிய 56 வளர்ப்புக் குடும்பங்களுக்கு 68 குழந்தைகள் சென்றனர். மற்றைய 68 குழந்தைகள் முன்போலவே அரச பராமரிப்பில் விடப்பட்டனர். நிலையங்களை என்றும் அறியாது பெற்றோருடன் வளர்ந்த புக்காரெஸ்ற் குழந்தைகள் 72 பேர் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

2007 இல் வெளியிடப்பட்ட முடிவுகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 54 மாத வயதிலே நிலையப் பராமரிப்புக்கு விதிக்கப்பட்ட குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 73. வளர்ப்புக் குடும்பம் சென்றோரது 81. பெற்றோருடன் வளர்ந்தோரது 109. காலமும் முக்கியமான காரணியாக இருந்தது. பதினெட்டு மாதத்துக்கு முன் குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகள் 42 மாத வயதில் 94 என்னும் சராசரியைப் பெற, முப்பது மாதத்துக்குப் பின் சென்றோர் 80 அளவிலேயே நின்றனர். உளநலத்தைப் பொறுத்தவரை, பதகளிப்பு, மனச்சோர்வு போன்ற அகமுகக் கோளாறுகள் நிலையப் பராமரிப்புக் குழுவில் நூற்றுக்கு 44 பேரிடமும், வளர்ப்புக் குடும்பம் சென்ற குழுவில் நூற்றுக்கு 22 பேரிடமும் காணப்பட்டன. ஒரு குலுக்கற் சீட்டு ஒரு பிள்ளைக்கு அகமுகக் கோளாறு நேரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்தது எனலாம். இன்னொரு சீட்டு மற்றொரு பிள்ளைக்கு அந்த வாய்ப்பை மறுத்தது.

இவ்வாய்வுக்கு எதிரான குற்றச்சாட்டு எளிதில் விளங்கக்கூடியது. மருத்துவ ஆய்வின் அறவியலிலே நன்கறியப்பட்ட ஒரு நிபந்தனை உண்டு. இரு சிகிச்சை முறைகளுள் எது சிறந்தது என்பதில் அத்துறை வல்லுநரிடையே உண்மையான ஐயம் நிலவினாலன்றி, நோயாளரை எழுமாறாகப் பிரித்தல் தகாது என்பதே அது. பெஞ்சமின் பிறீட்மன் 1987 இல் இதனைத் தெளிவுற எடுத்துரைத்தார். ஸ்பிற்ஸ் எழுதி அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், தொட்டிற் கம்பிகளைவிடக் குடும்பம் சிறந்தது என்பதில் எந்த வல்லுநருக்கு ஐயம் இருந்தது? மனிதனை வெறுங் கருவியாக அன்றி எப்பொழுதும் நோக்கமாகவே கருதுதல் வேண்டும் என்ற இமானுவேல் கான்ற்றின் அறநெறிக்கு முன்னே, நிலையத்தில் விடப்பட்ட 68 குழந்தைகளும் ஒப்பீட்டுக் கருவிகளாகப் பயன்பட்டனர் என்றே கூறவேண்டியிருக்கும். சம்மதம் பற்றிய வினாவும் இதனோடு சேர்கின்றது. அக்குழந்தைகளின் சட்டபூர்வமான பாதுகாவலர் அரசின் சிறுவர் பாதுகாப்பு ஆணைக்குழுக்களே. எந்த அமைப்பு அவர்களை நிலையங்களில் வைத்திருந்ததோ அந்த அமைப்பே அவர்கள் சார்பில் உடன்பாடும் தெரிவித்தது.

ஆய்வாளர் பக்க நியாயங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆய்வு நடந்திராவிடின் 136 குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானோர் நிலையங்களிலேயே இருந்திருப்பர். கிடைத்திருந்த ஒரு நன்மையை எவரிடமிருந்தும் ஆய்வாளர் பறிக்கவில்லை. இல்லாதிருந்த ஒரு நன்மையை அரைப்பங்கினருக்கு உருவாக்கினர். நிலையத்தில் விடப்பட்ட குழந்தையை அரசு பெற்றோரிடமோ வேறு குடும்பத்திடமோ ஒப்படைக்க முன்வந்தால் அதனைத் தடுப்பதில்லை என்னும் விதியும் வகுக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் அக்குழுவினருட் பலர் இவ்வாறு வெளியேறினர். ஆய்வுக்காலம் முடிந்தபின் வளர்ப்புக் குடும்பங்களின் செலவை அரசு பொறுப்பேற்கும் என்ற உடன்படிக்கையால், குடும்பம் பெற்ற குழந்தை அதனை மீண்டும் இழக்கும் அபாயமும் தவிர்க்கப்பட்டது. பயன்வழிக் கொள்கையினர் இவற்றையெல்லாம் தராசில் இட்டு நன்மையின் தட்டே தாழ்கின்றது எனக் கூறுவர்.

ஆயினும் தராசு அறத்தின் முழுமையன்று. இரு தரப்பு வாதங்களும் ஒரு வினாவைத் தொடாமலே செல்கின்றன. சான்று யாருக்குத் தேவைப்பட்டது? தொட்டிலிற் கிடந்த குழந்தைக்கு அது தேவைப்படவில்லை. தன்னைத் தூக்குவார் வேண்டும் என்பதை அறிய அதற்குப் புள்ளிவிபரம் வேண்டியதில்லை. உளவியலாளருக்கும் பெருமளவிலே தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அரசுக்கே. நிலையங்களைப் பேணுவதில் பழகிப்போன நிர்வாகம், மாற்றத்தின் செலவையும் சிரமத்தையும் ஏற்பதற்கு முன் எண்களைக் கேட்டது. ஓர் உண்மையை அறியாதவன் சான்று கேட்பது நேர்மை. அவ்வுண்மைப்படி ஒழுகுவதைப் பிற்போட விரும்புபவன் சான்று கேட்பது வேறு. பின்னவன் கேட்கும் சான்றுக்கான விலையைச் செலுத்துவோர், காத்திருக்க இயலாத வயதினராய் இருப்பின், அவ்விலைக்கான பொறுப்பு முதலில் கேட்டவனையே சாரும். புக்காரெஸ்ற் ஆய்வைப் பற்றி அறவியலார் நடத்திய விவாதங்களிலே ஆய்வாளர் நெடுநேரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். சான்று கேட்டோர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தனர். இவ்விடங்கள் மாறவேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சான்று அரசுக்கு மட்டுமே பயன்பட்டது என்பது சரியா? நிலையங்களில் விடப்படும் பிள்ளைகள் இயல்பிலேயே குறையுடையோர், ஆகையாலேயே பின்தங்கினர் என்னும் எண்ணம் றுமேனியாவில் ஆழ வேரூன்றியிருந்தது. நல்ல குழந்தைகளைத் தத்தெடுப்போர் தெரிந்தெடுத்துச் செல்ல, எஞ்சியோரே நிலையங்களில் தேங்குகின்றனர் என்ற வாதத்தைச் சாதாரண ஒப்பீடுகளால் முற்றாக முறியடிக்க இயலவில்லை. எழுமாற்று முறை ஒன்றே அதனை முறியடிக்க வல்லதாயிருந்தது. எவரும் தெரிந்தெடுக்காமல் சீட்டு மட்டும் பிரித்த இரு குழுக்களிடையே இத்துணை வேறுபாடு தோன்றியமையால், குறை பிள்ளைகளின் பிறவியில் இல்லை, அவர்கள் வைக்கப்பட்ட இடத்திலேயே இருந்தது என்பது நிலைநாட்டப்பட்டது. ஊமையெனவும் மந்தமெனவும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் மானத்தை மீட்டதும் ஒரு நன்மையே. இம்மறுப்பில் வலு உண்டு. ஆனால் அது ஆய்வாளரின் கடனைக் குறைக்கவில்லை, கூட்டுகின்றது. நிலையத்தில் விடப்பட்ட குழந்தைகள் தமது இழப்பினாலே ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பெயருக்கு நேர்ந்த மாசைத் துடைத்தனர். அவர்கள் அதனை மனமுவந்து கொடுத்தவர்கள் அல்லர். கேளாமல் எடுக்கப்பட்டது எதுவாயினும் அது கடனாகவே நிற்கும்.

ஆகவே, இத்தகைய ஆய்வு தகுமா தகாதா என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. தகும் என்று கூறுவோர் அக்கடனையும் ஏற்கவேண்டும். அக்கடன் மூவகைப்படும். அறிந்தவுடன் அறிவித்தல் முதலாவது. முடிவு தெளிவான பின்னரும் ஆய்வின் நிறைவுக்காக மௌனம் காத்தல் துன்பத்தை நீட்டிப்பதாகும். அறிவித்ததைச் செயலாக்க உழைத்தல் இரண்டாவது. எவரிடமிருந்து அறிவு பெறப்பட்டதோ அவர்களைக் கைவிடாதிருத்தல் மூன்றாவது. 2004 ஆம் ஆண்டில் றுமேனியா இயற்றிய 272 ஆம் இலக்கச் சட்டம், கடுமையான ஊனமுற்றோர் தவிர்ந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நிலையங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற் சேரும் முயற்சி ஏற்படுத்திய நெருக்குதலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு; ஆய்வின் குரலும் அதனோடு சேர்ந்து ஒலித்தது. அக்குழந்தைகளைப் பதினாறு வயதிலும் ஆய்வாளர் தொடர்ந்து பரிசோதித்தனர். தொடர்ந்து அளப்பதும் கைவிடாதிருப்பதும் ஒன்றல்ல என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அளவுகோலை நீட்டும் கை, வேண்டியபோது உதவிக்கும் நீளுமாயின் மட்டுமே மூன்றாவது கடன் தீரும்.

இவ்வினா இலங்கைக்குப் புறம்பானதன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாட்டின் கரையோரங்களுக்கு உதவியாளரோடு ஆய்வாளரும் வந்தனர். துயருற்றோரிடம் ஆய்வு நடத்துவதன் அறவியல் பற்றி அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன என்னும் இலங்கை மருத்துவர் இருவர் 2005 இலேயே லான்செற் சஞ்சிகையில் எழுதினர். போரும் ஆழிப்பேரலையும் தாக்கிய வடகிழக்கிலே 296 தமிழ்ப் பாடசாலைச் சிறாரிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களின் உளவடுவுக்குப் போரும் கடலும் மட்டுமன்றி வீட்டுக்குள் நிகழும் வன்முறையும் காரணமாவதைக் காட்டியது. தந்தையின் மதுப்பழக்கத்துக்கும் பிள்ளைமீதான வன்முறைக்கும் தொடர்பிருப்பதையும் சுட்டியது. போர் முடிந்தபின் வடக்கில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பெற்றோரின் பரிவு போர்க்காயம் பட்ட பிள்ளைகளின் உளநலத்துக்குக் காப்பாக அமைவதைக் கண்டது. பிள்ளை இவ்வினாக்களுக்கு விடை சொல்லும்போது, தந்தை அடித்ததையும் தாய் அழுததையும் அந்நியர் ஒருவரிடம் ஒப்புவிக்கின்றது. வினாக்கொத்தை மூடிக்கொண்டு செல்பவர், அப்பிள்ளை அன்று மாலை அதே வீட்டுக்குத் திரும்புகின்றது என்பதை மறக்கலாகாது.

இத்தகைய அறிவைப் பெற்ற சமூகம் அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதும் அறத்தின்பாற்பட்டதே. பெற்றோர் பிள்ளை உறவின் முக்கியத்துவத்தை உணர்ந்த காலந்தொட்டு, பிள்ளைக்கு நேர்ந்த ஒவ்வொரு குறைக்கும் தாயைக் குற்றஞ்சாட்டும் வழக்கமும் வளர்ந்தது. ஒருகாலத்தில் மதியிறுக்கத்துக்கும் தாயின் அன்பின்மையே காரணம் எனக் கூறப்பட்டு, எண்ணற்ற தாய்மார் குற்றவுணர்வுக்கு ஆளாயினர். அக்கூற்றுப் பிழையென்பது பின்னர் தெளிவாயிற்று. புக்காரெஸ்ற் ஆய்வு இவ்விடயத்தில் ஒரு தெளிவைத் தருகின்றது. அங்கு குழந்தைகளை மீட்டவர்கள் பெற்ற தாயர் அல்லர், அயலார். இரத்த உறவைவிட நிலையான பரிவே மருந்தாயிற்று. அப்பரிவை வழங்க வளர்ப்புப் பெற்றோருக்கு ஊதியமும் பயிற்சியும் ஆலோசனையும் கிடைத்தன. பெற்ற தாய்க்கு வறுமை தவிர வேறெதுவும் கிடைத்ததில்லை. குழந்தையைக் கைவிட்டவள் தாய் என்று எழுதுவது எளிது. தாயை முதலிற் கைவிட்டது யார் என்பதும் சேர்த்தே எழுதப்படவேண்டும். வடகிழக்கில் மதுவுக்கு அடிமையான தந்தையைப் பற்றி எழுதுமிடத்தும், அவன் கடந்துவந்த போரையும் இழந்த தொழிலையும் விடுத்து எழுதுதல் அரை உண்மையாகும். அவ்வாறு கூறுவது அவன் கையோங்கியதை நியாயப்படுத்துவதாகாது. பிள்ளையைக் காக்க விரும்புவோர் எங்கே தொடங்கவேண்டும் என்பதையே அது காட்டுகின்றது.

முடிவாக நோக்குமிடத்து, குழந்தையின் துன்பத்தைப் பற்றிய அறிவு ஏனைய அறிவுகளைப் போன்றதன்று என்பது புலனாகும். விண்மீனின் தூரத்தை அறிந்தவனுக்கு அவ்விண்மீன்பால் ஒரு கடமையும் எழுவதில்லை. பராமரிப்பற்ற ஒரு மாதம் ஒரு குழந்தையின் மூளையிலும் மனத்திலும் எதனை அழிக்கின்றது என்பதை அறிந்தவனுக்கு, அடுத்த மாதத்தைப் பற்றிய கடமை அக்கணமே எழுந்துவிடுகின்றது. இன்னும் சான்று வேண்டும் என்று கேட்கும் ஒவ்வோர் அரசும், ஒவ்வோர் அலுவலகமும், ஒவ்வொரு குழுவும் தனக்கு உண்மையில் ஐயம் உண்டா, அன்றித் தயக்கம் மட்டுமே உண்டா என்பதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஐயமாயின் ஆராயலாம். தயக்கமாயின், அதற்கான விலையைத் தொட்டிலிற் கிடப்போரிடம் அறவிடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.